போர்டில் 300 வாட், வீட்டில் 30 வாட்: ரெடிமேட் மாட்யூலில் ஆம்ப்ளிஃபையர் கட்டுவோர் போட வேண்டிய கணக்கு

ஆன்லைனில் 'டிபிஏ3255, 300+300 வாட்' என்று உள்ளங்கை அளவு போர்டு ஒன்று கிடைக்கிறது. வாங்கி, வீட்டில் சும்மா கிடக்கும் 24 வோல்ட் அடாப்டரைச் செருகி, பரண் மேல் இருந்த பழைய 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிகளை இணைத்தால் பாட்டு நன்றாகவே வரும். ஆனால் ஒரு பக்கத்துக்கு 30 வாட் வந்தாலே அதிகம். உடனே போர்டு போலியோ, விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என்ற சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் இரண்டும் கிடையாது. போர்டுக்குள் போகும் வோல்ட், வெளியே மாட்டும் ஸ்பீக்கரின் ஓம், உள்ளே கிளம்பும் சூடு வெளியேற இருக்கும் வழி, இந்த மூன்றும் சேர்ந்துதான் வாட்டைத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் தேர்ந்தெடுப்பவர் கட்டுகிறவரே. போர்டு செய்த கம்பெனி இல்லை.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் இந்தக் கணக்கோடு இன்னும் சில வரிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மேலே திறந்த வளவு (நடு முற்றம்), சத்தத்தைத் திருப்பி அடிக்கும் சுண்ணாம்புச் சுவர், எர்த் இல்லாத பழைய வயரிங், மே மாத வெயில்.

மாட்யூலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

மாட்யூல் என்பது ஒரு ஐசியோ சில டிரான்சிஸ்டர்களோ, அவற்றைச் சுற்றி வேண்டிய ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், காயில் எல்லாம் பத்த வைத்து வரும் போர்டு. பவர் சப்ளை அதில் இருக்காது. போதுமான ஹீட் சிங்க் இருக்காது. ஸ்பீக்கரைக் காப்பாற்றும் ரிலே பெரும்பாலும் இருக்காது. சந்தையில் இப்போது நான்கு வகை:

1. கிளாஸ் டி ஐசி போர்டு. டிபிஏ3116டி2, டிபிஏ3255 இரண்டும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஐசிகள். ஒற்றை டிசி சப்ளை போதும். வெளியேற்றும் டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல லட்சம் முறை முழுதாகத் திறந்து மூடுவதால் சூடு குறைவு. அந்த வேக அலையை வடிகட்டத்தான் போர்டில் காயில்கள் வரிசையாக நிற்கின்றன.

2. கிளாஸ் ஏபி ஐசி போர்டு. எல்எம்3886, டிடிஏ7294. பிளஸ், கிரவுண்ட், மைனஸ் என மூன்று கம்பி சப்ளை வேண்டும். சூடு அதிகம், வேலை சுலபம், பழுது பார்ப்பதும் சுலபம்.

3. டிரான்சிஸ்டர் போர்டு. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடிகள் வைத்தது. மைக் செட்காரர்களுக்குக் கைப்பழக்கமானது. கல்யாணப் பந்தலுக்குச் சரி; வீட்டுக்கு வாட் தேவைக்கு மேல், போலி டிரான்சிஸ்டர் தொல்லை வேறு.

4. சப்ளையும் சேர்ந்தே வரும் மாட்யூல். டென்மார்க்கின் ஐஸ்பவர், நெதர்லாந்தின் ஹைப்பெக்ஸ் நிறுவனங்களின் சில மாடல்கள் இப்படி. 230 வோல்ட்டை நேராகக் கொடுத்து ஸ்பீக்கரை மாட்டினால் முடிந்தது. கையில் அந்த அளவுக்குப் பணம் இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது. ஒரே எச்சரிக்கை: போர்டின் ஒரு பாதி முழுக்க வீட்டு மின்சாரம் திறந்தபடி இருக்கும், பெட்டிக்குள் மூடாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

இனி வருவது முதல் இரண்டு வகைக்கு.

வாட் எங்கிருந்து வருகிறது

ஸ்பீக்கருக்குக் கிடைக்கக்கூடிய உச்ச வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால் வாட் வரும். டிபிஏ வகைப் போர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஐசியே எதிரெதிராக ஓட்டுகிறது. இந்த அமைப்புக்குப் பிடிஎல் என்று பெயர். அதில் உச்ச வோல்ட் ஏறக்குறைய முழு சப்ளை வோல்ட். மூன்று கம்பி வாங்கும் இரட்டை சப்ளை போர்டில் உச்சம் ஒரு பக்க சப்ளை வோல்ட், அதிலும் 3, 4 வோல்ட் ஐசிக்குள்ளேயே போய்விடும்.

1. டிபிஏ3116, 12 வோல்ட், 8 ஓம்: 144-ஐ 16-ஆல் வகுத்தால் 9 வாட். இழப்பு போக 7, 8 வாட்.

2. அதே போர்டு, 24 வோல்ட், 8 ஓம்: 576-ஐ 16-ஆல் வகுத்தால் 36. நடைமுறையில் 30 வாட்.

3. டிபிஏ3255, அதே 24 வோல்ட், 8 ஓம்: இதுவும் 36-தான். விலை கூடின ஐசி, வாட் கூடவில்லை.

4. டிபிஏ3255-க்கு 50 வோல்ட்டைத் தாண்டிய சப்ளையும் 4 ஓம் ஸ்பீக்கரும் கொடுத்தால்தான் அந்த 300 வாட் வரும். டேட்டாஷீட் (ஐசி செய்த கம்பெனி தரும் விவரத்தாள்) சொல்வது ஒரு பக்கத்துக்கு 315 வாட். ஆனால் அது 10 சதவீதத் திரிபோடு, அதாவது காது கூசும் நிலையில். 1 சதவீதத் திரிபில் 260.

5. எல்எம்3886, ±25 வோல்ட், 8 ஓம்: ஐசியில் போவது போக 21 வோல்ட் மிச்சம், கிட்டத்தட்ட 27 வாட். ±33 வோல்ட் கொடுத்தால் 50 வாட் அளவுக்குப் போகும்.

டிபிஏ3116 போர்டின் '50+50' எண்ணும் இப்படித்தான்: 21 வோல்ட், 4 ஓம், 10 சதவீதத் திரிபு. எண் பொய்யில்லை, நிபந்தனையை மட்டும் விளம்பரத்தில் விட்டுவிடுகிறார்கள். 'பிஎம்பிஓ' என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் மட்டும் கணக்கே போட வேண்டாம். அந்த எண்ணுக்கு அளவு முறை என்று ஒன்று கிடையாது.

வளவுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு

சாதாரண வீட்டு ஸ்பீக்கரின் திறன் 88 டெசிபல் என்று வைப்போம். 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் நின்று அளந்தால் வரும் சத்தம் அது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் இன்னொரு 3.

திறந்த வளவில் 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால்: 88-இல் 12 போய் 76, ஜோடிக்கு 3 சேர்த்து 79. சராசரி 80 டெசிபலில் கச்சேரி கேட்க, தவில் அடியும் மிருதங்கத்தின் தொப்பி அடியும் சிதறாமல் வர உச்சத்தில் 95 தேவை. இடைவெளி 16 டெசிபல், அதாவது சுமார் 40 வாட். மூடிய அறையில் இரண்டரை மீட்டர் தள்ளி என்றால் தூரத்துக்கு 8 போகும், சுவர்கள் 3 திருப்பித் தரும். 8 வாட் போதும்.

ஆக, அறைக்கு டிபிஏ3116-உம் 24 வோல்ட்டும் தாராளம். வளவில் கேட்கத்தான் 40, 50 வாட். அதற்கு மேல் போவது வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக.

செட்டிநாட்டு வீட்டில் சத்தம் தெளிவில்லாமல் போவதற்கு வாட் பற்றாக்குறை காரணமாக இருப்பது அபூர்வம். முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல் தரையும் சத்தத்தை உறிஞ்சுவதே இல்லை. வால்யூமை ஏற்றினால் எதிரொலியும் கூடவே ஏறும். பாட்டின் சொற்கள் இன்னும் கலங்கும். தரையில் ஜமக்காளம் விரித்து, ஸ்பீக்கரை ஆட்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வால்யூமைக் குறைப்பதுதான் செலவில்லாத தீர்வு. ஜமக்காளம் உயர் ஒலிகளைத்தான் அடக்கும், பாஸை ஒன்றும் செய்யாது.

பவர் சப்ளை: பணத்தைப் போட வேண்டிய இடம்

மொத்தச் செலவில் போர்டுக்கு ஒரு பங்கு என்றால் சப்ளைக்கு இரண்டு பங்கு ஒதுக்கினாலும் தப்பில்லை. கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

கிளாஸ் டி போர்டுக்கு எஸ்எம்பிஎஸ்

எல்இடி போர்டு, சிசிடிவி மாட்டுகிற கடைகளில் கிடைக்கும் 24 வோல்ட், 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்பார்மர் இல்லாமல் வீட்டு மின்சாரத்தை டிசியாக்கும் சப்ளை) டிபிஏ3116-க்குப் பொருந்தும். கவனிக்க வேண்டியவை:

1. தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் 110/220 ஸ்லைடு சுவிட்ச் இருக்கலாம். அது 110-இல் இருக்கும்போது நம் மின்சாரம் கொடுத்தால் ஒரே சத்தம், அதோடு சப்ளை முடிந்தது. முதலில் அதைப் பார்க்கவும்.

2. வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு ஒன்று இருக்கும். 'கொஞ்சம் ஏற்றினால் வாட் கூடுமே' என்று அதைத் தொட ஆசை வரும். டிபிஏ3116-இன் இயக்க வரம்பு 26 வோல்ட். மலிவுப் போர்டுகள் பலவற்றில் 25 வோல்ட் கெப்பாசிட்டர்தான் போட்டிருக்கிறார்கள். 24-ஐத் தாண்டினால் அவை உப்பும். போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே சப்ளையை முடிவு செய்ய வேண்டும். 25 என்றிருந்தால் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் நல்ல தேர்வு.

3. ஆம்ப் போதாத சப்ளையில் பாஸ் அடிக்கும்போது மட்டும் சத்தம் அறுந்து அறுந்து வரும். சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்று நின்று ஓடுவதால் வருவது இது. போர்டை மாற்றிப் பயனில்லை.

கிளாஸ் ஏபி போர்டுக்கு டிரான்ஸ்பார்மர்

8 ஓம் ஸ்பீக்கருக்கு 24-0-24 (நடுக் கம்பியின் இரு பக்கமும் 24 வோல்ட்), 4 ஓம் என்றால் 18-0-18. இதை மாற்றிப் போடுவதுதான் டிடிஏ7294 கருகுவதற்கு முதல் காரணம். அந்த ஐசியின் டேட்டாஷீட்டே 8 ஓமுக்கு ±35 வோல்ட், 4 ஓமுக்கு ±27 வோல்ட் என்று பிரித்துத்தான் 70 வாட் காட்டுகிறது. ±35 கொடுத்து 4 ஓம் மாட்டினால் வாட் இரட்டிக்காது, சூடு இரட்டிக்கும்.

டிரான்ஸ்பார்மர் மேல் எழுதியிருப்பது ஏசி வோல்ட். டிசியாக மாறும்போது 1.414 மடங்கு ஆகும்: 24-க்கு 33.9, டையோடுக்கு 1 போக ±33. ஆனால் இது லோடு இருக்கும்போது, சரியாக 230 வருகிறபோது. பாட்டு ஓடாத நேரத்தில் டிரான்ஸ்பார்மர் 7, 8 சதவீதம் அதிகம் தரும், 26 வோல்ட் என்று கொள்வோம். ராத்திரியில் லைன் 250-ஐத் தொட்டால் அது 28.3 ஆகும், டிசியில் ±39. டிடிஏ7294-இன் இயக்க எல்லை ±40. விளிம்பு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். எல்எம்3886-க்கு மொத்தம் 84 வோல்ட் வரை இடம் உண்டு, இங்கே ஆவது 78. அதனால் வோல்ட்டேஜ் ஏறி இறங்குகிற ஊரில் 24-0-24 வைப்பதென்றால் எல்எம்3886-தான் என் தேர்வு. டிடிஏ7294 கையில் இருந்தால் ஒரு படி குறைத்து 22-0-22 என்று சொல்லிச் சுற்ற வைப்பது நல்லது.

1. ஆம்ப்: ஸ்டீரியோவுக்கு 5 ஆம்ப். இது ஏசி ஆம்ப். டிசியாகத் தொடர்ந்து எடுக்க முடிவது 3 ஆம்ப் அளவு. இரண்டு சேனலும் 50 வாட்டில் ஓடினாலும் ஒவ்வொரு பக்க சப்ளையிலிருந்தும் இழுப்பது சராசரி இரண்டேகால் ஆம்ப்தான்.

2. காப்பரா, அலுமினியமா என்று கேட்டு வாங்கவும். மலிவாகச் சுற்றியதில் அலுமினியம் இருக்கும். அதே கனத்தில் தடை கூடுதல், சீக்கிரம் சுடும், பாஸில் வோல்ட் இறங்கும். லீடு முனையில் வார்னிஷைச் சுரண்டிப் பார்த்தால் நிறமே சொல்லிவிடும். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது.

3. பிரிட்ஜ்: ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடுகள் சேர்ந்தது; 25 அல்லது 35 ஆம்ப் உலோக உறை பிரிட்ஜ் ஒன்று. பெட்டியின் அடித்தகட்டில் திருகிவிடலாம்.

4. கெப்பாசிட்டர்: ஒரு பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபேரட், 63 வோல்ட், 105 டிகிரி வகை. இரண்டேகால் ஆம்ப் இழுப்பில் வோல்ட்டில் அலைவு சுமார் 2 வோல்ட், அது போதும். 50 வோல்ட் போடலாம்தான், ஆனால் மேலே பார்த்த ±39-க்குப் பிறகு மனம் ஒப்பாது.

5. ஒவ்வொரு கெப்பாசிட்டர் குறுக்கேயும் 2.2 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர். அணைத்த பிறகு தேங்கிய கரண்ட் ஒரு நிமிடத்தில் வடிய இது வேண்டும். இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஸ்க்ரூடிரைவர் பட்டால் பொறி பறக்கும்.

6. ஃபியூஸ்: மெயின்ஸ் பக்கம் 2 ஆம்ப் ஸ்லோ ப்ளோ. வேக ஃபியூஸ் போட்டால் சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் போகும். வெறுத்துப்போய் யாராவது கம்பியைச் சுற்றிவிடுவார்கள்.

சூடு: புத்தக அளவு இங்கே போதாது

ஐசியில் உண்டாகும் அதிகபட்ச சூட்டுக்கும் கணக்கு உண்டு. ±33 வோல்ட்டில் 8 ஓம் ஓட்டினால் ஒரு எல்எம்3886-இல் 27 வாட் அளவு, இரண்டுக்கும் 55. ஹீட் சிங்க் 70 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி அறையில் 45 டிகிரி இடைவெளி இருக்கிறது: வாட்டுக்கு 0.8 டிகிரி ஏறும் ஹீட் சிங்க் போதும். நம் பக்கம் சித்திரை வைகாசியில் அறைக்குள்ளேயே 40 டிகிரி. இடைவெளி 30-ஆகச் சுருங்குகிறது, தேவை 0.55. அதாவது வெளிநாட்டு வரைபடத்தில் போட்ட ஹீட் சிங்க்கை அப்படியே வாங்கினால் இங்கே ஒன்றரை மடங்கு சிறியது. பாட்டில் சராசரி சூடு இதில் பாதிதான் என்பதால் 200 மில்லிமீட்டர் நீளம், 100 உயரம், 40 ஆழத்தில் துடுப்புகள் உள்ள ஹீட் சிங்க் சமாளிக்கும். துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்க வைத்தால் காற்று ஏறாது.

ஐசியைத் திருகும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. டிடிஏ7294-இன் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு உள்ளே இணைந்தது. உலோக முதுகு தெரியும் எல்எம்3886டி-யும் அப்படியே. பிளாஸ்டிக் போர்த்திய டிஎஃப் வகைக்கு மட்டும் கவலையில்லை. மைக்கா தகடும் திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் எர்த் செய்த ஹீட் சிங்க்கில் திருகினால் மைனஸ் 33 வோல்ட் நேராக எர்த்தில் இறங்கும். திருகி முடித்ததும் ஐசி முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துத் தொடர்பு இல்லை என்று உறுதி செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. அலுமினியத்தில் துளை போட்டபின் விளிம்பில் நிற்கும் பிசிறு மைக்காவைக் குத்தும். பெரிய டிரில் பிட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி அதை எடுத்துவிடவும்.

கிளாஸ் டி போர்டில் 60 வாட் வெளியே போனால் 6, 7 வாட்தான் சூடு. கூட வரும் சின்ன ஹீட் சிங்க்கே போதும், டேப் ஒட்டி வந்திருந்தால் பிரித்து பேஸ்ட் தடவி மாட்டவும்.

எர்த்: ஹம் வருவதும் உயிர் போவதும் ஒரே கம்பியில்

பழைய வீடுகளில் தேக்குப் பட்டையில் கிளிப் அடித்த வயரிங் இன்னும் ஓடுகிறது. மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும். பெரிய துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. உலோகப் பெட்டியில் ஆம்ப்ளிஃபையர் கட்டுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அந்தப் பாயின்டில் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்லவும். மல்டிமீட்டர் மட்டும் வைத்து நம்ப முடியாது. அறுந்து தொங்கும் எர்த் கம்பியிலும் அது ஏதோ ஒரு வோல்ட் காட்டும்.

எர்த் இல்லாத இடத்தில் எஸ்எம்பிஎஸ் வைத்த பெட்டியைத் தொட்டால் விரலில் சுரீர் என்கும். உள்ளே இரைச்சலை வடிக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் கரண்ட் அது. சிறியதுதான், ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல அறிவிப்பு கிடையாது.

பெட்டிக்குள் கிரவுண்ட் கட்டும் முறை:

1. மெயின்ஸ் எர்த் கம்பி, பிளக் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், பெயின்ட் சுரண்டிய உலோகத்தில், தனித் திருகில், பல் வாஷரோடு. அந்தத் திருகு வேறு எதையும் தாங்கக் கூடாது.

2. டிரான்ஸ்பார்மரின் நடுக் கம்பி இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் சேரும் புள்ளிக்கு. அங்கிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒரு பொதுப் புள்ளி. இரண்டு போர்டின் பவர் கிரவுண்டும், ஸ்பீக்கர்களின் கறுப்புக் கம்பியும் அந்தப் பொதுப் புள்ளிக்குத்தான். கெப்பாசிட்டர் காலிலேயே எல்லாவற்றையும் பத்த வைத்தால் சார்ஜ் ஆகும் கரண்ட்டின் கரகரப்பு சிக்னலில் ஏறும்.

3. ஆர்சிஏ சாக்கெட்டுகள் பெட்டி உலோகத்தைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷர் போட்டு. அவற்றின் கிரவுண்ட் போர்டின் இன்புட் கிரவுண்டுக்கு மட்டும்.

4. பொதுப் புள்ளியிலிருந்து பெட்டிக்கு 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். அதற்கு இணையாக ஒரு 35 ஆம்ப் பிரிட்ஜ், அதன் பிளஸ் மைனஸ் முனைகளைச் சேர்த்துக் கட்டி, இரண்டு ஏசி முனைகளையும் ரெசிஸ்டரின் இரு பக்கத்தில். சிறு சுற்றுக் கரண்ட்டை ரெசிஸ்டர் தடுக்கும். உள்ளே மெயின்ஸ் பட்டால் பிரிட்ஜ் வழியாக எர்த்துக்குப் போய் ஃபியூஸ் போகும்.

ஹம் வந்தால் காதாலேயே பாதி கண்டுபிடிக்கலாம். அடித்தொண்டையில் 'உம்ம்' என்று மென்மையாக வந்தால் 50 ஹெர்ட்ஸ்: கிரவுண்ட் சுற்று, அல்லது டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் இன்புட் கம்பியில் ஏறுவது. டிரான்ஸ்பார்மரைத் திருகாமல் வைத்து, மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் ஒரு கோணத்தில் குறையும். 'ர்ர்ர்' என்று கரகரப்பாக வந்தால் 100 ஹெர்ட்ஸ்: இரண்டாம் எண்ணில் சொன்ன கிரவுண்ட் தப்பு. டிவியின் செட்டாப் பாக்ஸை இணைத்ததும் மட்டும் வந்தால் அந்தக் கேபிள் வழியாக வரும் இன்னொரு எர்த். சிக்னல் பாதையில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டால் போய்விடும். பிளக்கின் மூன்றாவது காலை வெட்டினாலும் ஹம் போகும் என்று சொல்பவர்கள் உண்டு. போகும்தான், ஆனால் பெட்டியில் மின்சாரம் ஏறினால் அது இறங்க வழி இருக்காது.

ஸ்பீக்கர் கம்பி: பிடிஎல் போர்டுக்கு வரும் தனித் தொல்லை

முகப்பில் ஒன்றும் இரண்டாம் கட்டில் ஒன்றுமாக ஸ்பீக்கர் வைத்த வீடுகளில், கம்பி மிச்சம் பிடிக்க மூன்று கம்பியில் இரண்டு ஸ்பீக்கர் ஓட்டும் வழக்கம் இருந்தது: பொது கறுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு. பழைய ஆம்ப்ளிஃபையருக்கு அது சரி. டிபிஏ3116, 3255 போன்ற பிடிஎல் போர்டில் கறுப்பு முனையும் கிரவுண்ட் கிடையாது. அதிலும் பாதி சப்ளை வோல்ட் நிற்கும். இரண்டு சேனலின் கறுப்பையும் சேர்த்தால் இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதும். நல்ல ஐசி என்றால் தன்னை அணைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் போய்ச் சேரும். பழைய கம்பியை நம்பாமல் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு கம்பி தனியாக இழுக்கவும்.

தூரமும் கணக்கில் வரும். 20 மீட்டருக்கு 1 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தால் போக வர 0.7 ஓம் அளவு. 4 ஓம் ஸ்பீக்கரில் 15 சதவீத வாட் கம்பியிலேயே போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரிங் கம்பி போட்டால் 6 சதவீதம்.

பாதுகாப்பு ரிலே: யூபிசி1237 போர்டு எல்லாக் கடையிலும் கிடைக்கும். சில விநாடி தாமதித்து ஸ்பீக்கரை இணைக்கும். வெளியீட்டில் டிசி வந்தால் துண்டிக்கும். எல்எம்3886, டிடிஏ7294-க்கு இது கட்டாயம், ஏனென்றால் ஐசி போகும்போது 33 வோல்ட் டிசி ஸ்பீக்கர் காயிலில் இறங்கிப் புகை வரும். ஆனால் இதே ரிலே போர்டைப் பிடிஎல் போர்டுக்கு வைத்தால் 'கிளிக்' சத்தம் வரவே வராது. பாதி சப்ளை வோல்ட்டைக் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறது. அது ரிலே போர்டின் குற்றமில்லை.

முதல் முறை கரண்ட் கொடுக்கும் வரிசை

டிரான்ஸ்பார்மர் சப்ளைக்கு 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்ட பலகை வேண்டும். எல்இடி பல்பு உதவாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இந்த முறை ஒத்துவராது. அது தொடங்கித் தொடங்கி நிற்கும்.

1. போர்டை இணைக்காமல் சப்ளையை மட்டும் சீரிஸ் பல்பு வழியாகக் கொடுக்கவும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்க வேண்டும். முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் பிரிட்ஜோ கெப்பாசிட்டரோ தலைகீழ்.

2. பிளஸ், மைனஸ் இரண்டையும் கிரவுண்டிலிருந்து அளக்கவும். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

3. அணைத்து, கெப்பாசிட்டர் வடிந்ததை மீட்டரில் பார்த்துவிட்டு ஒரு போர்டை இணைக்கவும். இன்புட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் இல்லாமல் மறுபடி கொடுக்கவும்.

4. வெளியீட்டில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் சந்தேகம். வோல்ட் கணக்கில் வந்தால் ஐசி போயிருக்கிறது அல்லது வயரிங் தப்பு. பிடிஎல் போர்டில் கிரவுண்டிலிருந்து அளக்காமல் இரண்டு ஸ்பீக்கர் முனைகளுக்கு நடுவே அளக்கவும்.

5. பழைய, போனால் வருத்தப்படாத ஸ்பீக்கரை மாட்டி மெதுவாகப் பாட விடவும். சீரிஸ் பல்பு இருக்கும்வரை வால்யூமை ஏற்றினால் சிதறும், அது இயல்பு.

6. அடுத்த போர்டுக்கும் இதே. பிறகுதான் பல்பை எடுப்பது. அரை மணி நேரம் ஓட்டி ஹீட் சிங்க்கில் விரல் வைக்கவும்: ஐந்து விநாடி தாங்க முடிந்தால் சரி.

பெட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் வால்வு ரேடியோவின் மரப் பெட்டிக்குள் புது ஆம்ப்ளிஃபையரை வைக்கப் பலருக்கு ஆசை. வைக்கலாம். மரம் இரைச்சலைத் தடுக்காது என்பதால் உள்ளே அலுமினியத் தகட்டில் தனிப் பெட்டி செய்து அதை எர்த் செய்ய வேண்டும். ஹீட் சிங்க்கைப் பின்பக்கம் வெளியே நிறுத்த வேண்டும். ரேடியோ இன்னும் பாடுகிறது, அதிலிருந்து ஒலியை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கலாமே என்று மட்டும் இறங்க வேண்டாம். அந்தக் காலத்து ஏசி/டிசி செட்களில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. மெயின்ஸின் ஒரு முனை நேராகச் சேசிஸில் இருக்கும்.

காற்றுத் துளைகளுக்கு உள்பக்கம் கொசு வலை போன்ற நெருக்கமான கம்பி வலை ஒட்டவும். கதகதப்பைத் தேடிப் பல்லி உள்ளே போகும். 66 வோல்ட் சப்ளையின் மேல் நடந்தால் பல்லியும் போகும், ஐசியும் போகும்.

ஓடத் தொடங்கியபின் வருபவை

1. புளூடூத் போர்டை இணைத்ததும் 'டிக்டிக்', 'ஸ்ஸ்' என்று இரைச்சல்: இரண்டும் ஒரே சப்ளை கிரவுண்டைப் பகிர்வதால். பி0505எஸ் என்ற 5 வோல்ட் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் வழியாகப் புளூடூத் போர்டுக்குக் கரண்ட் கொடுத்தால் தீரும்.

2. பாட்டு இல்லாதபோது 'ஹிஸ்': டிபிஏ3116 போர்டில் கெயின் 36 டெசிபலில் வைத்திருப்பார்கள். ரெசிஸ்டர் மாற்றி 26-க்கு இறக்கினால் போதும். 26 டெசிபல் என்பது 20 மடங்கு, மொபைல் தரும் அரை முதல் ஒரு வோல்ட்டுக்கு அது தாராளம்.

3. வால்யூம் முதல் கால் திருப்பிலேயே கத்துகிறது, பிறகு ஏறவே இல்லை: கடையில் 'பி' வகைப் பொட்டென்ஷியோமீட்டர் கொடுத்திருக்கிறார்கள். ஆடியோவுக்கு 'ஏ' வகை, 10 முதல் 50 கிலோ ஓம்.

4. எல்லாம் சரி, பெரிய பாஸில் ஐசி திடீரென்று போகிறது: போலி ஐசியாக இருக்க வாய்ப்பு. எல்எம்3886, டிடிஏ7294 இரண்டுக்கும் சந்தையில் போலி அதிகம். முகப்பை அசிட்டோனில் துடைத்தால் எழுத்து அழிந்து கீழே சுரண்டின தடம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடவும். கேட்கிற விலை மற்ற கடைகளைவிடப் பாதிக்கும் கீழே இருந்தால் துடைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை.